பணிவிடை செய்பவரின் உரிமைகள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நோயாளிகளை நலம் விசாரிப்பது பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதன் சிறப்பை இந்தப் பள்ளியில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆகவே அவர்களுடைய அனுமதியுடன் தலைப்பைச் சற்றே நகர்த்திக்கொள்கிறேன். நாம் நலம் விசாரிக்கப் போகும் வீட்டில், நோயாளியின் கட்டிலுக்கு அருகே இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார். நமக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவரை யாரும் நலம் விசாரிப்பதில்லை. நான் பேச வந்தது அவரைப் பற்றி.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2003ஆம் ஆண்டில் என் தாயாருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. ஐந்து ஆண்டுகள் படுக்கையில் இருந்து 2008இல் வஃபாத்தானார்கள். அந்தக் காலத்தில் நான் மத்திய அரசுத் துறை ஒன்றில் பணியில் இருந்தேன். இடையில் இரண்டு ஆண்டுகள் திருச்சிக்கு மாற்றலாகிப் போனேன். மாதம் இருமுறை தாம்பரம் வருவேன். உம்மாவின் தலைமாட்டில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மருந்துக் கடைப் பாக்கியைத் தீர்ப்பேன். ஞாயிறு இரவு ரயில் ஏறிவிடுவேன். உம்மாவின் ஜனாஸா அன்று, தாயைக் கண்போல் காத்த மகன் என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். நானும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன்.

காத்தவன் நான் அல்லன், என் மனைவி. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உடம்பைப் புரட்டிப் போடவேண்டும், இரவிலும் அப்படித்தான். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சியை வடிகட்டி ஊற்றவேண்டும். துணி மாற்றவேண்டும், துவைக்கவேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்தார்கள். புரட்டுவது எப்படி என்று ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. மூன்றாம் வாரமே முதுகுக்குக் கீழே புண் வந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி இருந்த ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மையார் ஒருவர்தாம் வந்து, தலையணையை எங்கே வைப்பது, தன் முதுகை வளைக்காமல் தூக்குவது எப்படி என்று என் மனைவிக்குக் காட்டிக்கொடுத்தார். அதற்குள் அவளுடைய இடுப்பும் கெட்டுவிட்டது. இன்றும் தொழுகைக்கு நாற்காலி வேண்டும்.

நான் திருச்சியில் இருந்த காலத்தில் அவளுடைய தந்தையார் ஊரில் நோய்வாய்ப்பட்டார்கள். செய்தி வந்தது. உம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. எனக்கு விடுப்பு உடனே கிடைக்கவில்லை. நான் வந்து சேர்ந்து அவள் புறப்பட்டுப் போனபோது அங்கே அடக்கம் முடிந்திருந்தது. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த உரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதுதான், "அத்தாவின் முகத்தை நான் பார்க்காமல் போனதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். எழுதிக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர்களிடம் நாம் சொல்லும் ஒரே வார்த்தை, "உங்களுக்குப் பெரிய நன்மை கிடைக்கும்" என்பதுதான். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். நன்மை கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அவருக்கும் படைத்தவனுக்கும் இடையே உள்ள கணக்கு. நமக்கும் அவருக்கும் இடையே ஒரு கணக்கு தனியாக இருக்கிறது. அதை நாம் திறந்து பார்ப்பதே இல்லை.

நம் ஊருக்கும் இந்தக் கணக்குக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த சானடோரியத்தை 1928இல் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால், வீட்டை விட்டுப் பிரிந்து மாதக்கணக்கில் அங்கே படுத்திருப்பதுதான். உணவும் மருந்தும் பணிவிடையும் நிறுவனத்தின் பொறுப்பு. பிறகு 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஏற்பட்டது; இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அங்கே நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இடநெருக்கடியும் ஏழ்மையும் நிறைந்த வீடுகள். சாப்பாடும் சானடோரியத்துச் சாப்பாட்டைவிடக் குறைவு. ஆயினும் வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு நோய் பரவும் ஆபத்தும் அதனால் கூடிவிடவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றியது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன. சென்னை உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடைகளில் அது ஒன்று என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போயிற்று. கட்டில் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அங்கே சம்பளத்துக்கு வேலை செய்த ஆயாவும் நர்ஸும் சமையற்காரரும் கூடவே வரவில்லை. அந்த வேலை முழுவதும் வீட்டில் உள்ள ஒருவர் தலையில் இறங்கியது. காசநோய்க்கு மட்டுமல்ல, இன்று புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, ஞாபகமறதி நோய் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. வாழ்க, நல்ல திட்டம். நோயாளி வீட்டு வாசற்படி ஏறியதும் அது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகளானாலும் வீட்டில் இருப்பவர்தான்.

அந்த ஒருவர் யார் என்பதற்கு அரசின் புள்ளிவிவரமே இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். அவ்வாறு ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 140 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 74 நிமிடம். இதில் குழந்தை வளர்ப்பும் அடங்கும் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் இவரைப் பார்க்கிறதா? ஒரு கண்ணால் பார்க்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் எவரும், பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட, பராமரிப்பவரே என்று வரையறை செய்திருக்கிறது. மிகுந்த உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்க அரசு திட்டம் வகுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. "தன் பொருளாதார வல்லமைக்கு உட்பட்டு" என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வல்லமை எப்போது வரும் என்பது அவரவர் அரசைப் பொறுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், இலவசமாகப் பணிவிடை செய்யும் உறவினரைப் பராமரிப்பவர் என்றே ஏற்றுக்கொள்கிறது. நம் மாநிலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்றவை உள்ளோருக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. நம் பகுதியினர் செங்கல்பட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பக்கவாதத்தால் கைகால் விளங்காமல் போனவரும் இதற்குள் வரக்கூடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமலிருந்தது.

ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் புற்றுநோய் இல்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயும் இல்லை. ஆகவே அடையாற்றுக்கும் ஸ்டான்லிக்கும் ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கும் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகும் பெண்ணுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. அவரைப் பராமரிப்பவர் என்று அழைத்திருப்பது ஒரு துறை மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதுவும் வேறு பெயரில். ரயில்வே, "துணைக்கு வருபவர்" என்று ஒருவரை அங்கீகரிக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் கட்டணமே இல்லை. உடன் போகும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகை. வேலூருக்குப் போகிறவர்கள் மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை செய்துகொண்டே பணிவிடை செய்வோர் நிலையைச் சொல்கிறேன். சானடோரியத்தில் 1984இல் தொடங்கப்பட்ட மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் நம் மஹல்லாப் பிள்ளைகள் பலர் பணியாற்றுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி தானே நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். தாயோ கணவரோ நோயுற்றால் அவர்களுக்கு மருத்துவம் உண்டு. ஆனால் அவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்த நாட்களுக்குத் தொழிலாளிக்கு ஒரு ரூபாயும் கிடையாது. விடுப்பு தீர்ந்தால் வேலையை விடவேண்டியதுதான். அரசு ஊழியர்களுக்கு நிலை சற்றே மேல். மாற்றுத்திறனுடைய பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியரை வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று 2014இல் ஆணை பிறந்தது. பெற்றோர், துணைவர், உடன்பிறந்தோர் ஆகியோரைப் பராமரிப்போருக்கும் அது பின்னர் விரிவாக்கப்பட்டது. எனக்கு அது பத்து ஆண்டுகள் தாமதம். இன்று பணியில் இருப்போர் கேட்டுப் பெறுங்கள். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, கையெழுத்துப் பிரச்சினை. இதுதான் வீட்டை உடைக்கும் பிரச்சினை. கணவர் நினைவிழந்து கிடக்கிறார். வீடும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில். மனைவி கையில் மருத்துவமனைப் பில். பொது அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள்; கொடுத்தவர் சிந்திக்கும் ஆற்றலை இழந்தால் நம் ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லாது போய்விடும். மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு காப்பாளரை நியமிக்கும். கோமாவில் கிடப்பவருக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை.

சென்னையில் 2024ஆம் ஆண்டில் ஒரு பெண்மணி இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார். கணவர் நினைவு திரும்பாத நிலை. சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் பணம் வேண்டும். கணவர் பெயரில் ஒரு சொத்து இருந்தது. தன்னைக் காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றம் சென்றார். இதற்குச் சட்டத்தில் வழியில்லை, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். மே மாதம் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கோமாவில் உள்ளவரைப் பார்த்துக்கொள்வது எளிதன்று, அதற்குப் பணம் வேண்டும், சுமை முழுவதையும் தாங்கும் இவரை மறுபடி சிவில் நீதிமன்றத்துக்கு ஓடச் சொல்வது முறையன்று என்ற கருத்தில், மனைவியைக் காப்பாளராக நியமித்துச் சொத்தை விற்கவும் அனுமதித்தது. 50 லட்ச ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டு வட்டியை மனைவி எடுத்துக்கொள்ளலாம் என்று நோயாளியின் உரிமைக்கும் அரண் வைத்தது. கேரள உயர் நீதிமன்றம் 2019இலேயே இத்தகைய வழக்குகளுக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. ஆயினும், ஒவ்வொரு மனைவியும் உயர் நீதிமன்றப் படியேறித்தான் கணவரின் மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கவேண்டும் என்றால், அது உரிமை ஆகுமா?

நினைவு தெளிவாக இருந்து கைதான் விளங்கவில்லை என்றால் வழி சுலபம். கட்டைவிரலோ கால்விரலோ பதித்த ரேகையை, வங்கி அதிகாரி ஒருவர் உள்ளிட்ட இரு சாட்சிகள் முன்னிலையில் ஏற்றுக்கொள்ள வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் அறிவுரை உண்டு. என் தாயாரின் ஓய்வூதியத்துக்காக ஒரு வங்கிக் கிளையில் என் மனைவியை நான்கு முறை அலைக்கழித்தார்கள். நோயாளியை நேரில் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். இந்த விதி தெரிந்திருந்தால் அவள் அலைந்திருக்கமாட்டாள்.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் பெருநாளுக்கு வந்து, கவனிப்பு சரியில்லை என்று குறை சொல்லிப் போகிறார்கள். இது நம் மஹல்லாவில் இல்லை என்று யாரும் சொல்லமாட்டீர்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். ஒரு பிள்ளை மீது மனு வந்தால் அவர் மற்றப் பிள்ளைகளையும் வழக்கில் சேர்க்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி என்று பட்டியலிடுகிறது. உண்மையில் வேலை செய்யும் மருமகள் அதில் இல்லை. 2019இல் கொண்டுவந்த திருத்த மசோதா மருமகளைச் சேர்த்தது. அதுவும் கடமைப்பட்டவர் பட்டியலில்தான். அந்த மசோதா நிறைவேறவில்லை. மார்க்கச் சட்டப்படி நிலை என்ன என்று ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டேன். பெற்றோருக்குப் பணிவிடை செய்வது மகனின் கடமை. மருமகள் செய்வது அவளுடைய நல்லெண்ணம், அவள் மீது விதிக்கப்பட்ட கடமை அன்று என்றார்கள். இதை ஆண்கள் பகுதியில் சற்று உரக்கச் சொல்லும்படியும் சொன்னார்கள்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்று. பிரிட்டனில், நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவருக்கு 1976 முதல் அரசு உதவித்தொகை கொடுத்தது. மணமான பெண்களுக்கு மட்டும் கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி தாயாருக்காக வேலையை விட்டவர். ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்று 1986இல் வென்றார். எப்படியும் வீட்டில்தானே இருக்கிறாள் என்ற வாக்கியம் நமக்கும் பழக்கமானதுதான்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். பக்கத்துக் கேரளத்தில், படுத்த படுக்கையாக இருப்போரைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம் இருக்கிறது. மாதம் 600 ரூபாய். சிறு தொகை, சில ஆண்டுகளில் நிலுவை விழுந்ததாகவும் செய்திகள் வந்தன. ஆயினும் அது பணிவிடை செய்பவரை நினைத்து வகுத்த திட்டம். அந்த மாநிலத்து மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களே பயிற்சி பெற்று, வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி, தீரா நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். பணத்தில் பெரும்பகுதி சிறு சிறு தொகைகளாக ஊரிலிருந்தே வருகிறது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்போருக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யவேண்டும். வருகிற நர்ஸிடம், நோயாளியைப் புரட்டுவதையும் குழாயைச் சுத்தம் செய்வதையும் காட்டிக்கொடுங்கள் என்று கேளுங்கள். கற்றுக்கொள்வதும் பணிவிடை செய்பவரின் உரிமை.

நிர்வாகக் குழுவின் முன் என் வேண்டுகோளை வைக்கிறேன். அரசு கொடுக்கவேண்டியதை அரசிடம் கேட்போம். நம் கையில் இருப்பது நேரம். ஒவ்வொரு தெருவிலும் ஆண்களில் நால்வர், பெண்களில் நால்வர், வாரம் இரண்டு மணி நேரம் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்தால் போதும். அந்த வீட்டுப் பெண் தன் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரலாம், தன் தாய்வீட்டு மையத்துக்குப் போய்வரலாம். ஜும்ஆவுக்குப் பின் விண்ணப்பங்கள் எழுதிக்கொடுக்க ஓய்வு பெற்றவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறோம். பொது நிதியிலிருந்து மருத்துவ உதவி வழங்கும்போது நோயாளியின் பில்லை மட்டும் கேட்காமல், அவருக்காக யாருடைய சம்பளம் நின்றுபோயிற்று என்றும் கேட்கவேண்டும்.

இதற்கெல்லாம் முதலில் கணக்கு வேண்டும். நம் மஹல்லாக் குடும்பப் பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயர், தொழில், சந்தா, நோயாளிகள் விவரம் என்று கட்டங்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டுப் பதிவேட்டை அச்சுக்குக் கொடுக்குமுன், "இவரைப் பார்த்துக்கொள்பவர் யார், எத்தனை ஆண்டுகளாக" என்று ஒரு கட்டத்தைச் சேர்க்கும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அச்சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இன்று அலுவலக மேசை மீது வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றைத் திரைக்கு அப்பால் அனுப்பியிருக்கிறோம். அதில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதலாம். வீட்டு ஆண்களின் கையொப்பம் தேவையில்லை.